சாப்பாட்டுக்குப் பின்

ஏப்ரல் 6, வியாழன்

காலையிலிருந்து ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம், உச்சி வெயிலுக்குத்தான் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்காலி சூடாவதற்குள் வெளியே வந்துவிட்டோம். டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், எங்களுக்குப் பின்னால் வராந்தா நிறைய ஜனம். ஆனால் பொங்கலிலிருந்து என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார் என்பதை அத்தனை சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பாதியை விட்டுவிட்டேன்.

விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்த தடவையாவது சொல்லலாம். பெயர் லோகநாதன். பனியன் கம்பெனியில் டெய்லர். கம்பெனியை மூடிய பிறகு வேறு இடங்களுக்குப் போனார், நிலைக்கவில்லை. பொங்கல் கழித்துப் போவதையே நிறுத்திவிட்டார். காதுக்குள் மிஷின் ஓடுகிறதாம், யாரோ பெயரைச் சொல்லித் திட்டுகிறார்களாம். குளிக்கச் சொன்னால் குளிப்பார். தட்டை வைத்தால் தின்பார். சொல்லாவிட்டால் சுவர்தான்.

காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று. கவரில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதி அடியில் கோடு வேறு. மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்தவரும், "வெறும் வயித்துல போட்டுறாதீங்க" என்று கத்திச் சொன்னார். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.

வியாழக்கிழமைதான் இந்த டாக்டர் வருவாராம். அதனால் இன்றைக்கு பாபா கோயிலுக்குப் போக முடியவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 8, சனி

எங்கள் லைன்வீட்டில் எட்டுக் குடித்தனம், ஒரே குழாய். அதனால் எந்த வீட்டு விஷயமும் குழாயடிக்கு வராமல் இருக்காது. பக்கத்து வீட்டு மெகருன்னிசா இன்றைக்குக் கேட்டே விட்டாள்.

"ஏனுங்க்கா, அண்ணன் வேலைக்கே போறதில்லயே, ஒடம்புக்கு என்ன?"

"காமாலை. டாக்டர் ரெஸ்ட்ல இருக்கச் சொல்லிட்டாரு."

வாயில் வந்ததைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் 'அந்தப் பைத்தியக்காரன் வீடு' என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லுவாள். காமாலை மானமுள்ள சீக்கு. யாருக்கும் வரும், போய்விடும்.

ஒரு மணி நேரத்தில் மெகரு கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். அவருக்கு அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நானே குடித்துத் தொலைத்தேன். அப்படி ஒரு கசப்பு.

ஏப்ரல் 11, செவ்வாய்

இந்த ஊரில் எந்தக் கம்பெனி கேட்டைப் பார்த்தாலும் 'ஆட்கள் தேவை' என்று போர்டு. உள்ளே போய்க் கேட்டால்தான் தெரியும், தேவைப்படுகிற ஆள் நாமல்ல. எனக்குச் செக்கிங் வேலை அத்துப்படி. துணியில் ஊசி ஓட்டை இருந்தால் கை வைத்ததும் சொல்லிவிடுவேன். இன்றைக்கு மூன்று கம்பெனி ஏறி இறங்கினேன்.

"ஒண்ணரை ஷிப்ட் பாக்கணுமுங்க்கா. காலைல எட்டரைக்கு வந்தா ராத்திரி ஒம்பதரை."

"அர நாள் வேலை ஏதாச்சும் இருக்குங்களா? வூட்ல ஆள் மேலுக்கு முடியாம இருக்காரு."

"அவரு நல்லானதுக்கப்பறம் வாங்க."

அவர் நல்லாவதற்குச் சாப்பாடு வேண்டும், சாப்பாட்டுக்கு வேலை வேண்டும், வேலைக்கு அவர் நல்லாக வேண்டும். இதைச் சுற்றிச் சுற்றி வந்தால் எனக்கும் அந்த வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். வீட்டிலேயே பிசிறு வெட்டுகிற வேலைதான் இப்போதைக்கு. பனியனில் தொங்குகிற நூலையெல்லாம் வெட்டிக் கொடுக்க வேண்டும். ராத்திரி ஒரு வேளை உலை வைக்க அது ஆகும். காலையில் பாலில்லாத வரக்காப்பி மட்டும்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. ஈஸ்வரன் கோயிலில் அன்னதானம். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வரிசையில் உட்கார வைத்தேன். சாம்பார், ரசம், மாங்காய்ப் பச்சடி, பாயசம். நன்றாகச் சாப்பிட்டார். அங்கேயே மாத்திரையையும் கொடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எனக்குப் பக்தி அதிகமாகிவிட்டது. முன்பெல்லாம் தீபாவளிக்கு ஒரு தடவை கோயில் பக்கம் போனால் பெரிசு. இப்போது நாள்காட்டியைக் கிழிக்கும்போதே பார்த்துவிடுகிறேன். பிரதோஷமென்றால் ஈஸ்வரன் கோயிலில் தயிர்சாதம், சாயங்காலம். பௌர்ணமிக்கு மலையடிவாரத்தில் பொங்கல். சனிக்கிழமை பெருமாள் கோயிலில் புளிசாதம், முதலில் போனால் தொன்னை நிறையக் கிடைக்கும். தெய்வ பலமும் வேண்டுமல்லவா.

ஏப்ரல் 17, திங்கள்

பிரதோஷம். தயிர்சாதம். மாத்திரை கொடுத்தாச்சு.

ஏப்ரல் 18, செவ்வாய்

நோன்பு மாசம் என்பதால் பள்ளிவாசலில் சாயங்காலம் கஞ்சி ஊற்றுகிறார்கள். தூக்குவாளி கொண்டுபோகிற எல்லோருக்கும் உண்டு, என்ன ஜாதி என்று கேட்பதில்லை. மெகரு எனக்கு முன்னால் நின்றாள். ஊற்றுகிறவரிடம், "இவிய வூட்டுக்காரருக்குக் காமாலைங்க பாய், ஒரு கரண்டி சேத்தி ஊத்துங்க, கஞ்சின்னா ஒடம்புக்கு ஆகும்" என்றாள். வாளி நிறைந்துவிட்டது. முதல் தடவையாகக் காமாலையால் ஒரு நன்மை.

எனக்கு செவ்வாய் விரதம். அவருக்கு ராத்திரிக்கும் வந்தது.

ஏப்ரல் 22, சனி

ரம்ஜான். காலையிலிருந்து லைன் முழுக்க பிரியாணி வாசனை. சுவரைப் பார்த்திருந்த மனுஷன்கூட ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பினார். நான் தட்டை எடுத்து வைத்துவிட்டேன். மெகரு வீட்டிலிருந்து கிண்ணம் கிண்ணமாக எல்லா வீட்டுக்கும் போகிறது. எங்கள் வாசலுக்கு வந்தபோது அவள் கையில் மோர் சொம்பு.

"அண்ணனுக்குப் பத்தியமாச்சே. பிரியாணி வாசமே ஆகாது. தப்பா நெனச்சுக்காதீங்க்கா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மெகரு."

"உங்களுக்குத் தனியா கொண்டாரலாம்னு பாத்தேன். ஒரே வூட்டுல அவரு பாக்க நீங்க எப்பிடித் திம்பீங்க?"

இந்தப் பெண்ணுக்கு இத்தனை நல்ல மனசு இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நாங்கள் பிரியாணி தின்றிருப்போம். எனக்கு வந்த ஆத்திரத்தில் சொம்பை வாங்கி அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டேன். மோரில் கொத்தமல்லி கிள்ளிப் போட்டிருந்தாள்.

மே 4, வியாழன்

டாக்டர். வராந்தா. அதே கதை.

"மாத்திரை ஒழுங்கா குடுக்குறீங்களா?"

"குடுக்கறனுங்க. சாப்பாட்டுக்கு அப்பறந்தானுங்க. வெறும் வயித்துல ஒருநாளும் குடுத்ததில்லீங்க."

"ஒரு முன்னேற்றமும் தெரியலையே" என்று டாக்டர் இவர் காதருகே விரலைச் சொடக்கிப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். "சரி, கொஞ்சம் பவர் கூட்டி எழுதுறேன்."

போன மாச மாத்திரையே பாதி இருக்கிறது. இருந்தாலும் கொடுப்பதை வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. ரேஷன் கடையிலும் அப்படித்தானே, வாங்காமல் விட்டால் அடுத்த மாசம் கிடைக்காது என்றுதான் பயமாக இருக்கும். எங்களுக்கு அந்த ரேஷனும் இல்லை. கார்டு அவருடைய அண்ணன் வீட்டில் கிடக்கிறது. பிரித்துத் தனியாக எடுக்கலாமென்றால் இந்த விலாசத்துக்கு ஒரு காகிதம் வேண்டும், வீட்டுக்காரம்மா தரமாட்டேன் என்கிறாள்.

மே 9, செவ்வாய்

ஆர்டர் இல்லையாம். பிசிறு வேலை இந்த வாரம் வராது. எனக்கு வயிறு மந்தம், பசியே இல்லை.

மே 14, ஞாயிறு

அவருடைய அண்ணன் வெள்ளிங்கிரி தாராபுரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தார். முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்தார். தம்பியை எதிரே உட்கார்ந்து பார்த்தார். தம்பி அவரைப் பார்க்கவில்லை. அண்ணன் கண்ணும் கலங்கத்தான் செய்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

"அம்மிணி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஹோம் இருக்குது. இந்த மாதிரி ஆளுங்கள வெச்சுப் பாத்துக்கறாங்க. ஒரு தடவ பணம் கட்டினா ஆயுசுக்கும் அவங்க பொறுப்பு."

"எத்தன பேரு நல்லாகித் திரும்பி வந்திருக்காங்க மாமா?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

"பாத்துட்டு வந்தீங்களா?"

"விசாரிச்ச வரைக்கும் உள்ள போய்ப் பாக்கத்தான் உடமாட்டாங்களாம். நல்ல சோறு போடறாங்க. உன்னால அது முடியுதா, சொல்லு?"

சோற்றைச் சொன்னதும் என் வாய் அடைத்துப்போனது. அதை அவர் சம்மதமென்று எடுத்துக்கொண்டார். ஆடி பிறந்தால் நல்ல காரியம் எதுவும் செய்யக்கூடாதாம், அதனால் ஆனி முடிவதற்குள் வண்டியோடு வருகிறேன் என்றார். தம்பியை அடைத்து வைப்பதற்கு நல்ல நாள் பார்க்கிற மனுஷர்! அதற்குள் இவர் எழுந்து, நடந்து, பேசி, 'நான் வரமாட்டேன்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. கார்டைப் பற்றிக் கேட்டேன். அண்ணி பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாளாம்.

முருங்கைக்காயை எதில் போட்டுக் குழம்பு வைப்பது?

மே 20, சனி

ஆஸ்பத்திரி சுவரில் ஒரு அறக்கட்டளையின் நம்பர் ஒட்டியிருந்தது. அதற்குப் போன் செய்ததில் அரிசி மூட்டை தருவதாக வரச் சொன்னார்கள். கல்யாண மண்டபம். மேடையில் ஒரு மூட்டை. அந்த ஒரே மூட்டையை வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஆறு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிடிக்க இடம் கிடைக்காதவர் மூட்டையைச் சுட்டிக்காட்டிக்கொண்டு நின்றார். பின்னால் ஆள் உயரத்துக்குப் பேனர்: 'மனநோயாளிகள் குடும்பத்துக்கு உதவிக்கரம்'.

"பேஷண்ட் எங்கம்மா? அவரையும் நிறுத்தினாத்தான் போட்டோ நல்லாருக்கும். பேஸ்புக்ல போடணும்."

"அவரு வர மாட்டாருங்க. நான் நிக்கறேன். அந்தப் பேனரை மட்டும் கொஞ்சம் கழட்டிக்கறீங்களா?"

"பேனரைக் கழட்டிட்டு அப்பறம் எதுக்கும்மா போட்டோ?"

நியாயமான கேள்வி. திரும்பி வந்துவிட்டேன். வருகிற வழியில் வெயிலில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, பேக்கரி படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பேக்கரிக்காரன் தண்ணீர் கொடுத்தான். இந்த வருஷம் வெயில் ரொம்ப ஜாஸ்தி.

மே 26, வெள்ளி

ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. துவைக்கத் துவைக்கத் துணி இப்படி விடுகிறது, என்ன நூலோ.

மே 29, திங்கள்

மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் அன்பாகப் பேசினாள். "உங்க உணர்வுகள் புரியுதும்மா. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க" என்றாள். மூச்சை இழுத்து விட்டேன். "இப்ப எப்பிடி இருக்கு?" என்றாள். பசிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அது அவள் இலாகா இல்லையே என்று, பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 1, வியாழன்

பிரதோஷமும் வியாழனும் சேர்ந்து வந்தது. பகலில் பாபா கோயில், சாயங்காலம் ஈஸ்வரன் கோயில். இரண்டு வேளை மாத்திரை. நாளைக்குக் காலையில் அவராகவே எழுந்து முகம் கழுவுவார் என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு நாள் தெளிவதும் நாலு நாள் சுவரும். தெய்வங்கள் சேர்ந்து வந்தால்தான் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 8, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

டாக்டரைப் பார்க்கும் முன் ஜெசிந்தா மேடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். புதிதாக வந்திருக்கிற ஆலோசகர். நான் கையோடு கொண்டுபோன மஞ்சப்பையை எடுத்து மேஜை மேல் கவிழ்த்தேன். பெருமையாகத்தான் கவிழ்த்தேன். அட்டை அட்டையாக மாத்திரை.

"என்னம்மா இது?"

"மிச்சம் புடிச்சதுங்க மேடம். சும்மா வாங்கி வூட்ல வெச்சிருந்தா பாவமில்லீங்களா, இந்த மாசம் எங்களுக்கு வேண்டாம். இல்லாதவங்க யாருக்காச்சும் குடுங்க."

அந்தம்மா அட்டைகளை ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"எப்படிம்மா மிச்சம் ஆச்சு? ரெண்டு வேளைன்னு எழுதியிருக்கே?"

"சாப்பாட்டுக்குப் பின்னுன்னும் எழுதியிருக்குதுங்களே."

"ஆமா."

"சாப்பாடு இருக்கறப்பத்தானுங்க பின்னால குடுக்க முடியும்?"

நான் ஏதோ எகத்தாளம் பேசுகிறேன் என்று முதலில் நினைத்தார் போல. அப்புறம் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். காலையில் என்ன சாப்பிடுவார் என்று கேட்டார். வரக்காப்பி என்றேன். அப்போ காலை மாத்திரை? சனிக்கிழமை உண்டு, பெருமாள் கோயில். வியாழக்கிழமை உண்டு, பாபா கோயில். பௌர்ணமிக்கு உண்டு. மற்ற நாள்? ராத்திரி சோறு ஆக்கினால் ராத்திரி மாத்திரை. பிசிறு வேலை வராத வாரம்? வராத வாரம் மாத்திரையும் இல்லை.

"ஏம்மா இதை டாக்டர்கிட்ட சொல்லல?"

"கேக்கலீங்களே. ஒழுங்கா குடுக்கறியான்னு கேட்டாரு. ஒழுங்காத்தானே குடுத்தேன்."

என்னைக் கூட்டிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பவர் கூட்டியதைக் குறைத்துப் பழைய அளவே எழுதினார். பிறகு சொன்னார், "முழுச் சாப்பாடு வேணும்னு இல்லம்மா. ரெண்டு பிஸ்கட் போதும். ஒரு டம்ளர் பால் போதும். எதுவுமே இல்லாட்டியும் இவருக்கு எழுதின இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. விட்டு விட்டுக் குடுத்ததுலதான் இப்படி இருக்காரு."

இரண்டு பிஸ்கட்.

ஜூன் 9, வெள்ளி

இரண்டு பிஸ்கட்!

நேற்றிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை அந்தக் கவரில் எழுதியிருக்கக் கூடாதா? கோடு போடத் தெரிந்த கைக்கு இன்னும் ஒரு வரி எழுத வராதா? ஏப்ரல் முழுக்க, மே முழுக்க, ஊரிலுள்ள சாமி அத்தனையும் சுற்றினேனே! யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவரையே திட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். அப்புறம் அழுதேன். பிறகு கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கி வந்து, காலை மாத்திரையைக் கொடுத்தேன்.

ஜெசிந்தா மேடம் இன்னொன்றும் கேட்டார். பக்கத்தில் யாருக்காவது தெரியுமா என்று. காமாலை என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். "பிஸ்கட்டுல மாத்திரை இறங்கும், ஒடம்பு தேறாதும்மா. பக்கத்து வீட்ல சொல்லுங்க. நான் எங்கேயோ இருக்கேன், அவங்கதான் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்காங்க" என்றார். வேலைக்கு ஒரு கம்பெனியில் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார். நம்பிக்கை இல்லை.

ஜூன் 13, செவ்வாய்

இன்றைக்குச் சொல்லலாமென்று குழாயடிக்குப் போனேன். என் முறை வந்ததும் குடத்தை வைத்துவிட்டு மெகருவிடம் தண்ணீர் வருகிற வேகத்தைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 15, வியாழன்

சொல்லிவிட்டேன். மெகரு வீட்டு வாசலில் பனியன் மூட்டையோடு பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நானும் ஒரு கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"மெகரு, அவருக்குக் காமாலை இல்ல. மனசு செரியில்ல. ஆஸ்பத்திரில பாக்கறோம்."

அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியுமுங்க்கா" என்றாள்.

"என்னது?"

"காமாலைன்னா கண்ணு மஞ்சளா இருக்கோணுமில்ல? அண்ணன் கண்ணு வெள்ளையாத்தான இருக்குது. லைனுக்கே தெரியும்."

"தெரிஞ்சுட்டே எதுக்குடி மோர் கொண்டாந்த?"

"நீங்க காமாலைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்க. நாங்க பிரியாணியக் கொண்டாந்து நீட்டினா, உங்க பேச்ச நம்பலைன்னு ஆயிராதுங்களா? அதான் எல்லாரும் பத்தியத்தையே புடிச்சுக்கிட்டோம். கடைசி வூட்டு சரோஜினியக்கா ஆட்டுக்கால் சூப்பு வெச்சுட்டு, உங்க வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனாங்க."

என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக லைனே சேர்ந்து எங்களைப் பட்டினி போட்டிருக்கிறது. சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. நான் சிரித்தேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே, "எங்க சின்ன மாமாக்கும் இப்பிடித்தாங்க்கா இருந்துச்சு. நாங்க வாதம்னு சொல்லி வெச்சோம்" என்றாள்.

ஜூன் 17, சனி

வாசலில் ஒரு மூடி போட்ட தட்டு. நாலு இட்லி. யார் வைத்தது என்று தெரியவில்லை, மெகருதான் என்று போய்க் கேட்டால் சரோஜினியக்காவாம். நாளைக்கு எதிர் வீடாம். குழாய்க்கு முறை வைத்த மாதிரி வைத்துவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஆளுக்கு அளவாகத்தான் வருகிறது, அவர்களும் எங்களைப் போலத்தானே. சாப்பிட்டார். மாத்திரை கொடுத்தேன்.

எனக்கு இது பிடிக்கவில்லை. வாங்கித் தின்பது யாருக்குப் பிடிக்கும்? ஆனால் அவர் முகத்தைப் பார்க்கிறபோது என் பிடித்தமாவது மண்ணாவது.

ஜூன் 22, வியாழன்

ஜெசிந்தா மேடம் சொன்ன கம்பெனியிலிருந்து போன் வரவில்லை. நானே போனேன். அப்படி ஒருத்தரைத் தெரியவே தெரியாது என்றார்கள். மேடத்திடம் சொன்னால் வருத்தப்படுவார், சொல்லவில்லை.

ஜூன் 26, திங்கள்

கோயிலுக்குப் பின்னாலிருக்கிற சின்ன ஜாப்வொர்க் யூனிட்டில் மெகரு சொல்லி அரை ஷிப்ட் கிடைத்தது. செக்கிங் இல்லை, கைமடி. டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து வைக்கிற வேலை. பதினெட்டு வயசுப் பிள்ளைகள் செய்வது. அதில் ஒன்று என்னை "ஆயா" என்றது. நாற்பத்துமூன்று வயசில் ஆயா! "அக்கான்னு கூப்புடு, இல்லாட்டி நூல் கண்டு பறக்கும்" என்றேன். நான் போகிற நேரத்தில் மெகரு பனியன் மூட்டையோடு எங்கள் வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள். அவர் உள்ளே, அவள் வெளியே. இரண்டு பேரும் ஒன்றும் பேசுவதில்லையாம். "நல்ல மனுஷன், தொந்தரவே இல்ல" என்கிறாள்.

ஜூலை 5, புதன்

காதில் மிஷின் சத்தம் குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்து, "தூரமா ஓடுது" என்றார். பொங்கலுக்கப்புறம் நான் கேட்ட கேள்விக்கு வந்த முதல் பதில். உடனே மெகருவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். திரும்பி வந்தால் மறுபடி சுவர்.

ஜூலை 11, செவ்வாய்

வெள்ளிங்கிரி மாமா போன். ஞாயிற்றுக்கிழமை ஆனி கடைசி, காலையிலேயே வண்டியோடு வருகிறாராம். கொஞ்சம் தேவலை, பேச ஆரம்பித்திருக்கிறார் என்றேன். "எத்தன வார்த்த பேசுனான்?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, கவலையில்.

ஜூலை 16, ஞாயிறு

விடிந்ததும் எழுந்துவிட்டேன். அவரைக் குளிக்க வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். ராத்திரி முழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். "அண்ணன் கேட்டா, நான் வரலைன்னு சொல்லுங்க. அது போதும்." அவர் தலையாட்டினாரா, கழுத்து ஆடியதா என்று தெரியவில்லை.

எதிர் வீட்டிலிருந்து மூன்று தோசையும் தேங்காய்ச் சட்னியும் வந்தது. தட்டை அவர் முன்னால் வைக்கும்போதே வாசலில் கார் நின்றது. வெள்ளிங்கிரி மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூட ஒரு டிரைவர், வாட்டசாட்டமான ஆள். எதற்கு அப்படிப்பட்ட ஆளைப் பார்த்துக் கூட்டிவந்தார் என்று எனக்குப் புரிந்தது. வாசலில் மெகருவும் சரோஜினியக்காவும் வந்து நின்றுகொண்டார்கள்.

"என்றா லோகு, கெளம்பலாமா?"

நான் பின்னாலிருந்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று முணுமுணுக்கிறேன். இவர் தோசையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சொல்லிக் கொடுத்ததெல்லாம் போச்சு. எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

"பாத்தியா அம்மிணி" என்றார் மாமா. குரலில் கோபமில்லை. "நான் என்ன, ஆசப்பட்டா கூட்டிட்டுப் போறேன்?"

"முதல்ல சாப்புடட்டுமுங்க மாமா. சாப்புட்டாத்தான் மாத்திர."

அப்போதுதான் இவர் திரும்பினார். அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். முகத்தை, பிறகு கையை, தோளில் தொங்குகிற ரவிக்கையை. தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நீ எப்ப சாப்ட்ட?"

இந்த நாலு மாசத்தில் பெயர், வயசு, ஆதார், ஜாதி, விலாசம், ஷிப்ட், எல்லாவற்றையும் எல்லோரும் கேட்டார்கள். "நான் அப்பறம் சாப்புட்டுக்கறனுங்க. எனக்கு விரதம்" என்றேன்.

"ஞாயித்துக்கெழமைல என்ன வெரதம்?"

ஒரு தோசையை மட்டும் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டு, தட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். நான் கத்தினேன். முழுசாகத் தின்றால்தான் உடம்பு தேறும், அடுத்தவர்கள் உங்களுக்கென்று கொடுத்தது, அண்ணன் வந்து நிற்கிறார், மானத்தை வாங்காதீர்கள், என்னென்னமோ கத்தினேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் வாயில் வைக்காமல் அவர் வைக்கமாட்டாராம். அவர் வைக்காவிட்டால் மாத்திரை இல்லை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து ஒரு வாய் பிட்டு வைத்தேன். இறங்கவில்லை. இன்னொரு வாய் வைத்தேன், இறங்கியது. அப்புறம் கையை நிறுத்த முடியவில்லை. எல்லோரும் பார்க்க, அழுதுகொண்டே, அள்ளி அள்ளித் தின்றேன்.

"நேரமாகுது, லோகு. டிரைவர் நிக்கறான்" என்றார் மாமா.

"அவ சாப்புடறா" என்றார் இவர். "செத்த வெளிய இருங்கண்ணா."

மாமா டிரைவரைத் தோளில் தட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் மெகருவிடம் என்னவோ கேட்டார், அவள் என்னவோ சொன்னாள். வண்டி கிளம்பிப்போன சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. இவர் தன் தோசையைத் தின்று முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து, மாத்திரை எங்கே என்று கேட்டார்.